அவர் சொல்லி முடிக்கட்டும்

அந்த வீட்டில் ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். புருஷன் தொடங்குவார், பெண்டாட்டி முடிப்பாள். கல்யாணமான புதிதில் இருவரும் உட்கார்ந்து பேசிச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை இது. புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல அதுவாகப் பழகிவிட்டது.

"இன்னைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்டு, அதனால சாப்பாட்டைக் கொஞ்சம் சீக்கிரமா..." என்று அவர் இழுப்பார்.

"கட்டி வச்சாச்சு" என்பாள் அவள்.

"அந்தக் குடை எங்க..."

"கதவுக்குப் பின்னால தொங்குது."

இதனால் அவர் அவளுக்கு வைத்த பெயர் முந்திரி. முந்திரிக்கொட்டை என்று முழுதாகச் சொல்லத் தொடங்கினால் அதையும் அவள் பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள் என்பதால் சுருக்கிக்கொண்டார்.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். பல திசைகளிலிருந்தும் தண்டவாளங்கள் வந்து கூடுகிற சந்திப்பு அது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வரும். அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் மூன்று மொழிகளில் சொல்ல வேண்டும்: முதலில் நம் மொழி, பிறகு எல்லைக்காரர்களின் மொழி, கடைசியில் ஆபீஸ் மொழி. மூன்றும் அவருக்குப் பேசவே வரும். அவருடைய அறையின் கண்ணாடி வழியே மேடை முழுவதும் தெரியும். அங்கே உட்கார்ந்து அவர் ஒரு வேடிக்கை பார்த்து வைத்திருந்தார். எல்லைக்காரர்களின் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். 'வருகிறது' என்று அவர் வாயெடுத்ததும் அவர்கள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்குவார்கள். எந்த வண்டி, எந்த மேடை என்பதெல்லாம் ஓட்டத்தில் கேட்டுக்கொள்கிற விஷயம். ஆபீஸ் மொழியில் வினை நடுவில் இருக்கும். அதைக் கேட்கிறவர்கள் பேப்பரை மடிக்கலாமா வேண்டாமா என்று பாதி மடித்த நிலையில் நிற்பார்கள். நம் ஆட்களுக்கோ கடைசிச் சொல் விழுந்தால்தான் வண்டி வருகிறதா, போகிறதா, நின்றேவிட்டதா என்று தெரியும். அதுவரை வாயைப் பிளந்துகொண்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்ப்பார்கள்.

நிலையத்துக்கு எதிரே மாடியில் வாடகை வீடு. அறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். திரைச்சீலை, தலையணை உறை, மேஜை விரிப்பு என்று நேர்க்கோட்டில் தைக்கிற வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வாள். தைக்கும்போது அவர் குரல் ஒலிபெருக்கி வழியே வீட்டுக்குள் வரும். வேலைக்குப் போன புருஷன் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று அந்தத் தெருவில் வேறெந்தப் பெண்டாட்டிக்கும் இவ்வளவு திட்டமாகத் தெரிந்ததில்லை. "இரண்டாவது நடைமேடைக்கு..." என்று அவர் சொல்லும்போதே, "வந்து சேரும்" என்று நூலைப் பல்லால் கடித்தபடி இங்கிருந்து முடித்துவைப்பாள். என்றைக்காவது அவர் "ரத்து செய்யப்பட்டுள்ளது" என்று முடித்தால் அன்றைக்கு அவளுக்குத் தோற்றுவிட்ட மாதிரி இருக்கும்.

அவர் ஓய்வு பெற்று, ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பெண்ணின் பதிவு செய்த குரல் வந்த பிறகும் வீட்டில் ஏற்பாடு மாறவில்லை. மாறியது பக்கவாதம் வந்தபோதுதான்.

விழுந்துபோன வலது கையும் வலது காலும் மெல்ல மெல்ல ஓரளவுக்குத் திரும்பின. பேச்சு திரும்பியபோது பாதிதான் திரும்பியது. பெயர்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. தண்ணி, ஜன்னல், தலையணை, மகள், மாப்பிள்ளை, கண்ணாடி, மருந்து எல்லாம் சொல்வார். அதற்கு மேல் வரவேண்டிய வினை மட்டும் வராது. "ஜன்னல்" என்பார். திறப்பதா, சாத்துவதா? நம் மொழியில் வாக்கியத்தின் உயிர் வாலில் இருக்கிறது. நேற்றா நாளையா, நீயா நானா, உண்டா இல்லையா, எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் அடங்கும். அது இல்லாதபோது அவர் சொன்னதெல்லாம் தலையும் உடம்புமாக நடுவழியில் நின்றது.

மனைவிக்கு இது பெரிய மாற்றமாகவே தோன்றவில்லை. பழைய வேலைதான், கொஞ்சம் ஓவர்டைம் என்று எடுத்துக்கொண்டாள். "ஜன்னல்" என்றால் போய்த் திறந்தாள். அவர் தலையை ஆட்டுவார். வேண்டும் என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா என்பதை அவள் நின்று பார்க்கவில்லை.

மகள் இருப்பது வேறு ஊரில், ஓர் இரவுப் பயண தூரத்தில். அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. படி ஏற வேண்டாம், ஆஸ்பத்திரி பக்கம், கூப்பிட்டால் ஓடிவர மகள். போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அதெல்லாம் சரிப்படாதும்மா" என்றாள் தாய். "உங்கப்பாவுக்கு இந்த ரயில் சத்தம் இல்லாம தூக்கம் வராது. ஆயுசு முழுக்கக் கேட்ட காது."

"அத அவர் சொன்னாரா, நீ சொல்றியா?"

"அவர் எதைத்தான் முழுசா சொல்லியிருக்காரு? நான்தானே சொல்லுவேன்."

"ஸ்பீக்கர்ல போடு. நான் அவர்கிட்டயே கேக்கறேன். அப்பா, இங்க வந்துடறீங்களா?"

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அங்க..." என்றார். "நான்... அம்மா... அங்க..." உதடு துடித்தது.

"வரமாட்டாராம்" என்றாள் மனைவி.

அவர் இடது கையால் மேஜையை ஓங்கித் தட்டினார். தம்ளர் குதித்தது.

"கேட்டுச்சா? எவ்வளவு கறாரா சொல்றாரு பாரு."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் துளியும் தோன்றவில்லை. அவர் மனதில் இருப்பதை அவரைவிட வேகமாக எடுத்து வெளியே வைக்கத் தெரிந்தவள் தான் என்று எப்போதும்போல நம்பினாள். மகள் பெருமூச்சு விட்டாள். "வீட்டு ஓனர் மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன்னு சொல்லியிருக்காரு. எனக்கு அப்பா வாயால பதில் வேணும். எதுவா இருந்தாலும் சரி" என்று வைத்துவிட்டாள்.

அப்பா வாயால் பதில் வருவதற்காகத்தான் பேச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சுண்ணாம்பு அடித்த சிறிய அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பெட்டி நிறையப் படங்கள். பயிற்சி தருகிற பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. நம் மொழியை இங்கே வேலைக்கு வந்து கற்றுக்கொண்டவள். மனைவி அவளைப் பேச்சு டாக்டர் என்றாள். அவள் எத்தனை முறை திருத்தியும் அந்தப் பட்டத்தைப் பறிக்க முடியவில்லை.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள் பேச்சு டாக்டர்.

"ரயில்... மைக்கு..."

"அறிவிப்பாளரா இருந்தாரு" என்றாள் மனைவி.

"அப்படியா? ஒரு வண்டியை அறிவிங்க ஐயா, பாக்கலாம்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். இடது கை தானாகக் காதோரம் போய்க் குவிந்தது. பிறகு அந்தச் சிறிய அறையில் பழைய குரல் எழுந்தது: "பயணிகள் கவனத்திற்கு. எல்லையிலிருந்து வரும் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்." ஒரு தடங்கல் இல்லை. அதே மூச்சில் எல்லை மொழியில் சொன்னார். ஆபீஸ் மொழியிலும் சொன்னார். சொல்லி முடித்ததும், யார் பேசியது என்று தேடுகிறவர்போலச் சுற்றிப் பார்த்தார்.

மனைவிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பேச்சு வந்திருச்சே" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இது பேச்சு இல்லம்மா" என்றாள் பேச்சு டாக்டர், வருத்தத்தோடு. "இது தண்டவாளம். ஆயிரம் தடவை ஓடின வழி. வண்டி தானா ஓடுது, ஐயா ஓட்டல. இப்ப அவரே ஓட்டணும்."

ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒருவன் கோடாலியால் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தான்.

அவர் பார்த்தார். "ஆள்" என்றார். "மரம். கோடாலி." பிறகு நெற்றி சுருங்கியது. "ஆள்... மரத்த..."

"வெட்டுறான்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

பேச்சு டாக்டர் திரும்பினாள். "சரியான விடைதாம்மா. ஆனா பரீட்சை உங்களுக்கு இல்ல."

"தவிக்கிறாரே. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல."

"தவிக்கட்டும். தவிக்கிறப்பதான் உள்ள தேடறாரு. நீங்க எடுத்துக் கொடுத்தா தேடறத நிறுத்திடுவாரு." அவள் படத்தின்மேல் விரலை வைத்தாள். "எங்க பாஷையில 'வெட்டுறான்' முதல்ல வந்துடும். விஷயத்தைப் போட்டு உடைச்சிட்டு அப்புறம் யாரு, எதைன்னு நிதானமா சொல்லிக்கலாம். ஆபீஸ் பாஷையில ஆளுக்கும் மரத்துக்கும் நடுவுல அது இருக்கும். உங்க பாஷையில கடைசி. ஐயா ஆளையும் தூக்கி, மரத்தையும் தூக்கி, கோடாலியையும் கக்கத்துல வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்து வரணும். வந்து, கை நிறைய சாமானோட கதவைத் திறக்கணும். அதுக்குள்ள நீங்க திறந்துடறீங்க."

"உதவிதானே?"

"அவர் போக நினைச்ச கதவுதானா அதுன்னு நின்னு பாத்தீங்களா?"

மனைவியை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மறுமுறை போனபோது அவள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போனாள். துணியின் விளிம்பை மடித்துப் பிடிக்கும்போது தையல்காரர்கள் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். அப்போது பேச முடியாது. அவர் படத்தைப் பார்க்கத் தொடங்கியதும் இவள் பையிலிருந்து நாலைந்து ஊசியை எடுத்து உதட்டில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, என்ன இது? விழுங்கிட்டீங்கன்னா?" என்று பேச்சு டாக்டர் எழுந்தேவிட்டாள்.

ஊசிகளை எடுத்துவிட்டு, "தும்மினாக்கூட விழாது. தொழில் பழக்கம்" என்றாள். மறுபடி செருகிக்கொண்டாள். கணவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது.

புதிய சொற்கள் வரும்வரை பழைய தண்டவாளத்தையே கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பேச்சு டாக்டர் அனுமதி கொடுத்தாள். அதனால் வீட்டில் சில நாட்கள் ஒரே அமர்க்களம்.

"பயணிகள் கவனத்திற்கு" என்பார் அவர், கட்டிலில் சாய்ந்தபடி. "காப்பி... அடுப்படியிலிருந்து... இன்னும்... வந்து சேரவில்லை."

"தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்பாள் அவள் உள்ளேயிருந்து.

"வலி... முழங்காலுக்கு... வந்து சேர்ந்துள்ளது" என்று ஒரு நாள் அறிவித்தார். அவள் சிரித்துக்கொண்டே தைலத்தை எடுத்துவந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிரிப்பு நின்று, குனிந்தபடியே கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வருவது, போவது, தாமதமாவது: இவ்வளவுதான் அந்தத் தண்டவாளத்தில் ஓடும். ஒரு மனிதன் தன் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் ஏறாது. பேச்சு டாக்டர் வேறு வழியில் தொடங்கினாள். "ஆபீஸ் பாஷையில எல்லாத்தையும் நான்தான் செய்யணும். நான் பசியா இருக்கேன், நான் விரும்பறேன். உங்க பாஷையில நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். பசி உங்களுக்கு வரும், பிடிக்கிறது உங்களுக்குப் பிடிக்கும். 'எனக்கு'ன்னு ஆரம்பிங்க ஐயா. மத்தது உங்களைத் தேடி வருதான்னு பாப்போம்."

வந்தது. ஒரு மத்தியானம் அவர் "எனக்கு..." என்று நிறுத்தினார். அவள் கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போய் மறைந்தது. "பசிக்...குது" என்றார். சாப்பிட்டு அரை மணிகூட ஆகவில்லை. பசி இல்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் தட்டு வைத்துப் பரிமாறினாள், அவரும் சாப்பிட்டார். சொந்தமாகச் சொன்ன சொல்லை வீணாக்கக் கூடாது.

இப்படியே மாசக் கடைசி வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டு ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மகள் நினைவுபடுத்தியிருந்தாள். வியாழக்கிழமை பயிற்சியின் நடுவே மனைவி குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வரும்போது உள்ளே எல்லை மொழியில் பேச்சு கேட்டது. பேசியவர் அவர்தான். அறிவிப்பு இல்லை, அறிவிப்பின் ராகம் அவளுக்குத் தெரியும். இது தட்டுத் தடுமாறிய பேச்சு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் முதலில் பாய்ந்து வந்தது, பிறகு மற்றவை அதன் பின்னால் நொண்டி நொண்டி வந்தன. பேச்சு டாக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மனைவி மட்டும் அறைக்குள் திரும்பிப் போனாள்.

"என்ன சொன்னாரு?"

"உங்ககிட்ட சொல்லச் சொல்லியிருக்கேன்ம்மா."

"நீங்களே சொல்லிடுங்களேன். நாளைக்கு மகளுக்குப் பதில் சொல்லணும். அதப்பத்தித்தானே?"

"அதப்பத்தித்தான். ஆனா நான் சொன்னா நானும் ஒரு முந்திரி ஆயிடுவேன்" என்றாள் பேச்சு டாக்டர். அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தேவையில்லை. அவர் இழக்காத பெயர்களில் அது முதலாவது. "எங்க பாஷையில அவருக்கு வினை வருது. ஆனா அவர் அதைச் சொல்ல ஆசைப்படற ஆளுக்கு எங்க பாஷை தெரியாதே. அங்க சொல்லிப் பழகினாரு, அவ்வளவுதான். இன்னைக்கு வீட்டுக்குப் போய் உக்காருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

பஸ்ஸில் வரும்போது அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு வெறும் மரமும் கோடாலியும். நேற்று வந்த பெண்ணுக்கு வெட்டுவதும் பிளப்பதுமா? யோசித்துக்கொண்டே வந்தவள், தன் தோளில் சாய்ந்து அவர் தூங்கிவிட்டதைக் கவனித்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவது அவர் பழக்கம். சினிமாக் கொட்டகையிலும் அப்படித்தான், கல்யாண வீட்டு நாற்காலியிலும் அப்படித்தான். அதற்காக அவரை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள்.

மாடிப்படி ஏற நேரமாயிற்று. அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாயங்கால வெயில் தரையில் கிடந்தது. மெஷினில் பாதி தைத்த திரைச்சீலை தொங்கியது. அதை அவள் தொடவில்லை. உதட்டில் ஊசியும் வைத்துக்கொள்ளவில்லை.

"வாயத் திறக்க மாட்டேன். சொல்லுங்க" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "எனக்கு..." என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சரக்கு வண்டி ஒன்று வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர, அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று முணுமுணுக்க, பெட்டி பெட்டியாகக் கடந்துகொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியது.

"எனக்கு... தூக்கம்..."

'வருதா, படுத்துக்குங்க' என்பது அவள் நாக்கின் நுனிக்கு வந்து, பல்லில் இடித்து நின்றது. தலையணையைத் தட்டிப் போடக் கைகூட எழுந்துவிட்டது. கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. சொல்லைத் தேடி எங்கெங்கோ போய் வருவது முகத்தில் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை.

"வர...ல" என்றார்.

அவள் புரியாமல் விழித்தாள்.

"இங்க" என்றார். பிறகு, "எப்பவும்." பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "ரயிலு."

"இந்தச் சத்தத்துலயா? எப்பவும் தூக்கம் வந்ததில்லியா?" வாயைத் திறக்க மாட்டேன் என்றவள் கேட்டேவிட்டாள். அவர் ஆம் என்று தலையசைத்தார். இந்த முறை எந்தப் பக்கம் அசைத்தார் என்று நின்று பார்த்தாள். "நாம இங்க குடி வந்ததுலேர்ந்தா?" மறுபடி அசைத்தார்.

நடுச்சாமத்தில் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவர் முழித்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஷிப்டு வேலைக்காரனின் உடம்பு அப்படித்தான் என்று தானே ஒரு காரணம் சொல்லி, தானே கேட்டுக்கொண்டு, மறுபக்கம் திரும்பித் தூங்கியிருக்கிறாள். வண்டிச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள்; எப்போதும் யாரோ வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிற இந்தச் சத்தத்தில்தான் நிம்மதியாகக் கண்ணை மூடக் கற்றுக்கொண்டாள். அவருக்குத் தூக்கம் வராது என்று மகளிடம் சொன்னாளே, அது முழுக்க முழுக்க அவளுடைய தூக்கம்.

"ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ..." என்றார் அவர். காத்திருந்தாள். "நீ எங்க... விட்ட?"

சொல்லிவிட்டு, பாதி வாயால் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து வேறொன்றாக மாறியது. முந்தானையைத் தேடினாள். அவர் இடது கையைத் தூக்கி, இன்னும் முடியவில்லை என்று காட்டினார்.

"உனக்கு... இந்தச் சத்தம்..." மூச்சு வாங்கினார். "பிடிச்...சது. அதனால... நான்..."

வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது. கீழே யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அவர் உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்...தேன்" என்றார்.

யாரும் எடுத்துக் கொடுக்காத சொல். அத்தனை வருஷத்தையும் கையில் சுமந்துகொண்டு வாசல்வரை நடந்துவந்து, அவரே கதவைத் திறந்து வைத்தார்.

அவள் எழுந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: "அப்ப, மக ஊருக்கு?"

"போ..." என்றார்.

போகலாம் என்பதும் போ என்றுதான் தொடங்கும், போகவேண்டாம் என்பதும் போ என்றுதான் தொடங்கும். இரண்டில் ஒன்றைப் பிடித்து இழுக்க அவளுக்கு இப்போது ஆசை வரவில்லை. எது வந்தாலும் அது அவருடையதாக இருக்கட்டும் என்று இருந்தாள்.

"போ...லாமா?"

கேள்வியாக முடித்துவிட்டார். அவள் இதை எதிர்பார்க்கவேயில்லை. இத்தனை காலம் அவர் வாக்கியங்களுக்கெல்லாம் வால் தைத்துக் கொடுத்தவள், தன் வாக்கியம் ஒன்றைத் தொடங்கி முடிக்க வேண்டிவந்ததும் திணறிப்போனாள். "எனக்கு..." என்றாள். மெஷினைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். அவருக்கு அது புதிதில்லை.

"எனக்கு அங்க பயமா இருக்கும்ங்க" என்றாள் கடைசியில். "சத்தமே இருக்காது. நான் எப்படித் தூங்குவேன்?" அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பரவால்ல. இவ்வளவு நாள் நீங்க முழிச்சிருந்தீங்க. இனிமே நான் கொஞ்சம் முழிச்சிருக்கேன். போலாங்க."

மறுநாள் காலையில் மகள் கூப்பிட்டாள். தாய் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"அப்பா, என்ன முடிவு பண்ணீங்க?"

"நாங்க..." என்றார் அவர்.

"வர்றீங்களாப்பா? இல்ல, அங்கயே இருக்கீங்களா? அம்மா, அப்பா என்னதான்..."

"குறுக்க பேசாதடி" என்றாள் தாய். "அப்பா பேசிட்டிருக்காரு."

தாயிடமிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை மகள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"நாங்க... வர்...றோம்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிப்பா" என்றாள். "இன்னைக்கே சொல்லிடறேன். ரெண்டு ரூம் இருக்கு. தோட்டத்துப் பக்கம் ஒண்ணு, நல்லா அமைதியா இருக்கும், அதுல நீங்க..."

"அம்மாவுக்கு" என்று அவர் இடைமறித்தார். இடைமறிப்பது அவருக்கே புது அனுபவம். "ரோட்டுப் பக்கம். சத்தம்... வேணும்."

"ரோட்டுப் பக்கமா? விடிய விடிய லாரி போகும்பா. மனுஷன் கண்ண மூட முடியாது."

"எனக்கு ஒண்ணும் வேணாம்டி, தோட்டத்துப் பக்கமே இருக்கட்டும்" என்றாள் தாய். "அவரை ஒரு தடவையாவது நல்லாத் தூங்க விடு."

"முந்திரி" என்றார் அவர், சும்மா இரு என்கிற தொனியில்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க. கட்டிலை நான் எந்த ரூம்ல போடறது?" என்றாள் மகள்.

அவர் நாற்காலியைப் போனுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "கட்டில..." என்றார். "கட்டில... நாங்க..."

மகள் அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டாள். மனைவி இந்தப் பக்கம் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அவசரப்படவில்லை.